பதின்மூன்று வார ஒப்பந்தம்: அமெரிக்காவில் ஊர்மாறும் சுவாசச் சிகிச்சையாளர் தொழிலின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மருத்துவமனைகளில் மூச்சு தொடர்பான சிகிச்சைகளுக்கென்றே தனிப் பயிற்சியும் தனி உரிமமும் பெற்றுப் பணிபுரியும் ஒரு பிரிவினர் உள்ளனர். சுவாசச் சிகிச்சையாளர் என்று அழைக்கப்படும் இவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். செயற்கைச் சுவாசக் கருவியாகிய வென்டிலேட்டரை நோயாளியின் நிலைக்கேற்ப அமைப்பது, மருந்தைப் புகைபோல் நுண்துளிகளாக்கி நுரையீரலுக்குள் செலுத்தும் நெபுலைசர் சிகிச்சையைக் கொடுப்பது, தமனியிலிருந்து இரத்தம் எடுத்து அதிலுள்ள ஆக்சிஜன், கரியமில வாயு ஆகியவற்றின் அளவைச் சோதிப்பது, இதயம் நின்றுபோனவருக்கு உயிர்ப்பிப்பு முயற்சி நடக்கும்போது மூச்சுப் பாதையைக் காப்பது ஆகியன இவர்களுடைய அன்றாடப் பணிகள். நாடு முழுவதும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் அளவில் உள்ள இத்தொழிலினரில் பெரும்பாலோர் ஒரே மருத்துவமனையில் நிலையான பணியில் இருப்பவர்கள். ஒரு பகுதியினர் மட்டும் பணியாள் முகமைகளின் வழியாகப் பதின்மூன்று வாரத்துக்கு ஒரு மருத்துவமனை, பிறகு வேறொரு மாநிலத்தில் வேறொரு மருத்துவமனை என மாறிக்கொண்டே இருப்பவர்கள்.

இந்த ஊர்மாற்ற வேலையைப் பயண ஆர்வத்தின் விளைவாகவோ, கூடுதல் ஊதியத்தின் ஈர்ப்பாகவோ மட்டும் விளக்கிவிட முடியாது. அதன் பின்னணியில் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. மூச்சுத்திணறலை உண்டாக்கும் நோய்கள் பருவத்தையும் கொள்ளைநோயையும் பின்பற்றி ஓர் ஊரில் பெருகி இன்னோர் ஊரில் அடங்குகின்றன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையோ எங்கும் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. அவர்களுக்கு ஊதியம் கொடுக்கும் முறையும் அவர்கள் எல்லை தாண்டுவதற்கான சட்டமும் காலந்தோறும் மாறியுள்ளன. இம்மூன்றும் சந்தித்த இடத்தில்தான் இத்தொழில் உருவாயிற்று.

ஆக்சிஜன் உருளையும் அதைத் தள்ளிச் சென்றவர்களும்

ஆக்சிஜனைப் பற்றிய ஆய்வை ஜோசப் பிரீஸ்ட்லி 1774-ஆம் ஆண்டில் மேற்கொண்டார். தாமஸ் பெடோஸ் 1799-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாயுக்களால் நோய் தீர்க்கும் நிலையம் ஒன்றைத் திறந்தார். எனினும் அடுத்த நூறாண்டுக் காலம் ஆக்சிஜன் மருத்துவத்தில் நிலையான இடம் பெறவில்லை. காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கும் முறையைக் கார்ல் ஃபான் லிண்டே 1895-இல் நடைமுறைப்படுத்திய பிறகே அது மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கத் தொடங்கிற்று. முதல் உலகப் போரில் நச்சு வாயுவால் நுரையீரல் புண்பட்ட வீரர்களுக்கு ஆக்சிஜனை அளந்து, இடைவிடாமல் கொடுக்க வேண்டும் என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1917-இல் எழுதிய கட்டுரை வலியுறுத்தியது. 1920-களில் நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பராக், உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விக்கவும் கரியமில வாயுவை நீக்கவும் வசதி கொண்ட ஆக்சிஜன் கூடாரத்தை மேம்படுத்தி, நிமோனியா நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்.

கூடாரம் வந்ததும் அதைப் பராமரிக்க ஆள் தேவைப்பட்டது. கனமான எஃகு உருளைகளைக் கிடங்கிலிருந்து தள்ளி வந்து, அழுத்தம் குறைக்கும் கருவியைப் பூட்டி, கூடாரத்தில் பனிக்கட்டி நிரப்பி, உருளை தீர்ந்ததும் மாற்றும் வேலை மருத்துவமனை ஏவலாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக்சிஜன் ஏவலாளர் என்று அழைக்கப்பட்ட இவர்களுக்கு முறையான கல்வி கிடையாது. பார்த்துப் பழகிய அறிவே மூலதனம். இன்றைய சுவாசச் சிகிச்சையாளரின் முன்னோர் இவர்களே.

சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் எட்வின் லெவின், அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் மூச்சைக் கவனிக்க 1943-இல் ஒரு சிறு குழுவுக்கு வேலையிடத்திலேயே பயிற்சி அளித்தார். அவருடைய மாணவர்களும், ஆர்வமுள்ள மருத்துவர்களும் செவிலியரும் ஆக்சிஜன் ஏவலாளரும் 1946 ஜூலையில் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் கூடி உள்ளிழுப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். 1947 ஏப்ரல் 15-இல் இல்லினாய் மாநிலத்தில் அது சட்டப்படி பதிவாயிற்று. தொடக்கத்தில் இருந்த 59 உறுப்பினரில் 17 பேர் கத்தோலிக்கத் துறவறச் சபைகள் முதலிய சமய அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அக்கால அமெரிக்க மருத்துவமனைகளில் பலவற்றை நடத்தியவர்கள் கன்னியரே ஆதலால், புதிய பணிக்கு முதலில் முன்வந்தவர்களுள் அவர்களும் இருந்தனர். இச்சங்கம் 1954-இல் அமெரிக்க உள்ளிழுப்புச் சிகிச்சையாளர் சங்கம் என்றும், 1973-இல் அமெரிக்கச் சுவாசச் சிகிச்சைச் சங்கம் என்றும், 1980-களில் அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கம் என்றும் பெயர் மாறிற்று.

இரும்பு நுரையீரலும் அறக்கட்டளையும்

ஆக்சிஜன் கொடுப்பவர் என்ற நிலையிலிருந்து மூச்சையே நடத்துபவர் என்ற நிலைக்கு இத்தொழிலை உயர்த்தியது இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ. அந்நோய் மூச்சுத் தசைகளைத் தாக்கும்போது நோயாளி நினைவோடு இருந்தபடியே மூச்சின்றி இறந்துபோவார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் டிரிங்கரும் லூயி அகாசி ஷாவும் உருவாக்கிய இயந்திரம் 1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. கழுத்துக்குக் கீழுள்ள உடல் முழுவதும் உலோகப் பெட்டிக்குள் அடங்க, பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் மார்பை விரியவும் சுருங்கவும் செய்யும் இந்த இயந்திரமே இரும்பு நுரையீரல் எனப் பெயர் பெற்றது. அச்சிறுமி சில நாள்களில் நிமோனியாவால் இறந்தாலும், நின்ற மூச்சை இயந்திரத்தால் மீட்க முடியும் என்பது உறுதியாயிற்று. ஜான் ஹேவன் எமர்சன் 1931-இல் இதனினும் எளிய, விலை குறைந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு மருத்துவமனையும் இரும்பு நுரையீரலை வாங்கி வைத்திருப்பது இயலாத செயல். போலியோ கோடைதோறும் வந்தது. ஆனால் எந்த ஊருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் 1938-இல் தொடங்கப்பட்ட தேசிய இளம்பிள்ளை வாத அறக்கட்டளை, மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற நிதிதிரட்டலில் மக்கள் அனுப்பிய சிறு காசுகளைக் கொண்டு இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. இயந்திரங்களை மண்டலக் கிடங்குகளில் வைத்திருந்து, நோய் தலையெடுத்த ஊருக்கு அனுப்பி, அங்கு அடங்கியபின் மீட்டு வேறிடத்துக்கு அனுப்பியது. செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையுடன் போலியோ நோயாளிகளைக் கவனிக்கப் பழகிய செவிலியரையும் திரட்டி, அவர்களுக்கான செலவை ஏற்று, தொலைவிலுள்ள மாநிலங்களுக்கு அனுப்பியது. 1944 கோடையில் வட கரோலினாவின் ஹிக்கரி நகரில் மூன்று நாள்களுக்குள் எழுப்பப்பட்ட அவசர மருத்துவமனையில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் சிகிச்சை பெற்றது, வெளியூர்களிலிருந்து வந்த ஆள்களாலும் கருவிகளாலும்தான் சாத்தியமாயிற்று. நோயைப் பின்தொடர்ந்து கைப்பழக்கமுள்ளவர் பயணம் செய்யும் வழக்கம் அமெரிக்காவில் பெரிய அளவில் அமைப்புற்றது இங்கேதான். அதன் செலவை ஏற்றது சந்தையன்று, பொதுமக்களின் நன்கொடை.

1952-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேர் போலியோவுக்கு ஆளாயினர். அதே ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனிலும் அந்நோய் கடுமையாகப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்த நிலையில், மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் அழுத்தும் பையின் மூலம் காற்றை உள்ளே செலுத்தும் முறையை முன்வைத்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, பல வாரங்கள் இரவுபகலாகப் பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. உடலுக்கு வெளியே அழுத்தத்தைக் குறைப்பதைவிட, உள்ளே காற்றை அழுத்திச் செலுத்துவதே மேலானது என்பதையும், மூச்சுக்கருவியில் இருப்பவர் அருகில் தேர்ந்த ஒருவர் எந்நேரமும் நிற்க வேண்டும் என்பதையும் இந்நிகழ்வு நிறுவிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பு இதிலிருந்து வளர்ந்தது. அங்கு நிற்கும் அந்த ஒருவரின் இடத்தை அமெரிக்காவில் சுவாசச் சிகிச்சையாளர் நிரப்பினார்.

தேர்வும் சான்றிதழும்

1950-களின் பிற்பகுதியில் ஃபாரஸ்ட் பேர்டு உருவாக்கிய மார்க் 7 என்ற சிறு பச்சைப் பெட்டியும், ரே பென்னட்டின் கருவிகளும் மருத்துவமனைகளில் பரவின. இவை கொண்டு அழுத்தத்துடன் காற்றை அவ்வப்போது செலுத்தும் சிகிச்சை பல்லாயிரம் நோயாளிகளுக்கு நாள்தோறும் பல முறை கொடுக்கப்பட்டது. பயிற்சியற்றவர் கையில் இக்கருவிகள் தீங்கு விளைவிக்கும் என்பதால் தகுதியை அளந்து சான்றளிக்கும் தேவை எழுந்தது. அமெரிக்க உள்ளிழுப்புச் சிகிச்சையாளர் பதிவகம் 1960-இல் அமைந்து, அதே ஆண்டு நவம்பரில் மினியாபொலிஸ் நகரில் முதல் தேர்வை நடத்தியது. பதிவேட்டில் முதலாம் எண்ணைப் பெற்றவர் மேரி இவோன் ஜென் என்னும் கன்னியர்.

இத்தேர்வு நாடு முழுமைக்கும் பொதுவானதாக அமைந்தது பின்னாளைய ஊர்மாற்றத்துக்கு அடித்தளமாயிற்று. சிகாகோவில் தேறியவரும் டெக்சாசில் தேறியவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவர்கள் ஆதலால், முன்பின் அறியாத மருத்துவமனை ஒன்று, சான்றிதழைப் பார்த்தே ஒருவரைப் பணியில் அமர்த்த முடிந்தது. 1946-ஆம் ஆண்டின் ஹில்–பர்ட்டன் சட்டத்தால் கூட்டரசு நிதி பெற்றுச் சிற்றூர்களிலும் மருத்துவமனைகள் பெருகியதும், 1965-இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்ததும் சான்றிதழ் பெற்றவர்களுக்கான தேவையை விரைவாக வளர்த்தன.

வருவாய்த் துறை செலவுத் துறையானது

மெடிகேர் தொடக்கத்தில் மருத்துவமனை செய்த செலவைக் கணக்கிட்டு அதை ஈடுசெய்யும் முறையைப் பின்பற்றியது. ஒவ்வொரு நெபுலைசர் சிகிச்சைக்கும் ஒவ்வொரு மணிநேர ஆக்சிஜனுக்கும் தனித்தனியே கட்டணம் எழுத முடிந்ததால், சுவாசச் சிகிச்சைத் துறை நிர்வாகத்தின் கண்ணுக்கு வருவாய் ஈட்டும் துறையாகத் தெரிந்தது. தேவையின்றியும் சிகிச்சைகள் எழுதப்பட்டன. 1974-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஷுகர்லோஃபில் கூடிய அறிவியல் மாநாடு, இச்சிகிச்சைகளில் பலவற்றுக்குச் சான்றில்லை என்பதை வெளிப்படையாக விவாதித்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் கூட்டரசின் தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு, அழுத்தத்துடன் செலுத்தும் சிகிச்சை சாதாரண நெபுலைசரைவிட மேலான பயன் தரவில்லை என்று 1983-இல் காட்டிற்று.

அதே 1983-இல் மெடிகேரின் கட்டண முறையும் தலைகீழாக மாறியது. நோயின் வகைக்கு ஏற்ப முன்கூட்டியே நிர்ணயித்த ஒரே தொகை மருத்துவமனைக்குக் கிடைக்கும். அந்நோயாளிக்கு எத்தனை சிகிச்சை கொடுத்தாலும் கூடுதல் பணம் வராது என்பதே புதிய விதி. ஒரே இரவில் என்று சொல்லத்தக்க வகையில், வருவாய் ஈட்டிய துறை செலவு வைக்கும் துறையாயிற்று. நிர்வாகங்கள் நிலையான பணியிடங்களைச் சுருக்கின. 1990-களில் சுவாசச் சிகிச்சைத் துறையையே கலைத்து அதன் பணிகளை வார்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சோதனைகளும் நடந்தன. 1997-ஆம் ஆண்டின் சமநிலை வரவுசெலவுச் சட்டம் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் முன்நிர்ணயக் கட்டணத்தை விரித்தபோது அங்கிருந்த சிகிச்சையாளர் பலர் வேலையிழந்தனர்.

நோயோ சுருங்கவில்லை. குளிர்காலம்தோறும் இன்ஃப்ளுயன்சாவும், கைக்குழந்தைகளைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸும் வந்தன. பனிக்காலத்தைக் கழிக்க வட மாநில முதியோர் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் பெருந்திரளாக இடம்பெயர்ந்ததால், அங்குள்ள மருத்துவமனைகளில் ஆண்டின் சில மாதங்கள் மட்டும் படுக்கைகள் நிரம்பி வழிந்தன. கோடைக் கணக்குக்கு ஏற்றவாறு ஆள்களைக் குறைத்துவிட்ட நிர்வாகம் குளிர்காலத்தில் வெளியாரைத் தேடியது.

முகமைகளின் வருகை

வெளியூர்ப் பணியாளரை அனுப்பும் தொழில் முதலில் செவிலியரிடமிருந்தே தொடங்கிற்று. மார்டி கிராஸ் திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க நியூ ஆர்லியன்ஸ் நகரம் 1970-களின் பிற்பகுதியில் வெளியூர்ச் செவிலியரை அழைத்ததே இதன் தொடக்கம் என்பது தொழிலுக்குள் வழங்கும் கதை. வெகுவிரைவில் இதற்கென நிறுவனங்கள் தோன்றின. மாசசூசெட்சில் 1978-இல் டிராவ்கார்ப்ஸும், கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1985-இல் பின்னாளில் ஏ.எம்.என். எனப்பட்ட நிறுவனமும், ஃபுளோரிடாவில் 1986-இல் கிராஸ் கன்ட்ரியும் தொடங்கின. 1999-இல் டிராவ்கார்ப்ஸ் கிராஸ் கன்ட்ரியுடன் இணைந்தது, 2001-இல் ஏ.எம்.என்., கிராஸ் கன்ட்ரி ஆகிய இரண்டும் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. சுவாசச் சிகிச்சையாளரை இந்நிறுவனங்கள் கதிரியக்கப் பணியாளர், ஆய்வகப் பணியாளர் முதலியோருடன் சேர்த்துத் துணை மருத்துவப் பிரிவில் வைத்தன.

பதின்மூன்று வாரம் என்பது ஆண்டின் கால் பகுதி. நிதிக் காலாண்டுக்கும், ஒரு பருவத்து நோய்ப் பெருக்குக்கும், பேறுகால விடுப்பில் சென்ற ஒருவரின் இடத்தை நிரப்புவதற்கும் அது பொருந்தியது. வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணிநேரப் பணிமுறைகள், அதாவது 36 மணிநேரம், என்பது வழக்கமான ஒப்பந்தம். ஊதியம் இரு பகுதிகளாக அமையும். ஒன்று, வரிக்கு உட்பட்ட மணிநேரக் கூலி. மற்றொன்று, தங்குவதற்கும் உணவுக்கும் கொடுக்கப்படும் படி. சொந்த ஊரில் வீட்டுச் செலவைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டிருப்பவர், தற்காலிகப் பணிக்காக வெளியூரில் தங்கினால் அந்தப் படிக்கு வரியில்லை. வரித்துறை இத்தகைய நிலையான ஊரை வரி இல்லம் என்கிறது. ஓரிடத்துப் பணி ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டால் அது தற்காலிகம் ஆகாது என்று 1992-ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. பிடித்துப்போன மருத்துவமனையிலும் ஓராண்டு நிறைவதற்குள் சிகிச்சையாளர் மூட்டை கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரிவிதியே.

தொழிலாளர் சட்டமும் இச்சந்தையை வளர்த்தது. இலாப நோக்கற்ற மருத்துவமனைகளின் பணியாளருக்கும் சங்க உரிமையை 1974-ஆம் ஆண்டின் திருத்தம் அளித்தபோது, வேலைநிறுத்தத்துக்குப் பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்தப் பத்து நாளில் வெளியூரிலிருந்து மாற்று ஆள்களை வரவழைக்க நிர்வாகத்துக்கு அவகாசம் கிடைத்தது. வேலைநிறுத்தக் காலத்துக்கென்றே ஆள் அனுப்பும் முகமைகள் பிறந்தன. உள்ளூர்ப் பணியாளரின் கோரிக்கையைத் தோற்கடிக்கும் கருவியாகத் தன்னைப் பயன்படுத்த ஒப்புவதா என்ற கேள்வி ஊர்மாறும் சிகிச்சையாளர் ஒவ்வொருவர் முன்னும் இன்றுவரை நிற்கிறது.

புதிய இடத்தில் முதல் வாரம்

நிலைப் பணியாளருக்குப் பல வாரங்கள் நீளும் அறிமுகப் பயிற்சி, ஒப்பந்தத்தில் வருபவருக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் முடிந்துவிடும். கட்டட அமைப்பையும், மருந்து வைக்கும் அலமாரியையும், பதிவேட்டு மென்பொருளையும், யாரிடம் எதைக் கேட்பது என்பதையும் அந்நேரத்துக்குள் கற்றுக்கொள்ள வேண்டும். 2009-இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டத்தின் ஊக்கத்தொகையால் மருத்துவமனைகள் காகிதப் பதிவிலிருந்து கணினிப் பதிவுக்கு மாறிய பின்னர், எபிக், செர்னர், மெடிடெக் ஆகிய மென்பொருள்களில் எது தெரியும் என்பது ஒருவருடைய தகுதிப் பட்டியலில் இடம்பெறும் செய்தியாயிற்று.

வென்டிலேட்டர்களின் வேறுபாடு இதனினும் நுட்பமானது. ஒவ்வொரு மூச்சிலும் குறித்த அளவு காற்று செல்லும்படி, அழுத்தத்தைக் கருவியே சரிசெய்துகொள்ளும் முறையைச் செர்வோ கருவி பி.ஆர்.வி.சி. என்கிறது, பியூரிட்டன் பென்னட் கருவி வி.சி. பிளஸ் என்கிறது, டிராகர் கருவி ஆட்டோஃபுளோ என்கிறது. அடிப்படையில் ஒன்றேயான செயலைப் பல நிறுவனங்கள் பல பெயரால் விற்பதால், ஊர்மாறுபவர் திரையிலுள்ள எழுத்தை நம்பாமல், அழுத்தமும் காற்றோட்டமும் காட்டும் வரைகோட்டைப் பார்த்துக் கருவி செய்வதை உணரப் பழக வேண்டியிருக்கிறது. நிலைப் பணியாளர் ஒரே கருவியில் ஆழமான தேர்ச்சி பெறுவதைப் போல, ஊர்மாறுபவர் கருவிகளுக்குப் பொதுவான உடலியங்கியல் விதிகளில் தேர்ச்சி பெறுகிறார்.

சிகிச்சை நெறிமுறைகள் எழுத்து வடிவம் பெற்றதும் இவர்களுக்குத் துணையாயிற்று. வெஸ்லி எலியும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, மூச்சுக்கருவியிலிருந்து விடுபடத் தகுதியான நோயாளியை நாள்தோறும் சோதித்துக் கண்டறிந்தால், கருவியில் இருக்கும் இடைநிலைக் காலம் 6 நாளிலிருந்து 4.5 நாளாகக் குறைவதைக் காட்டிற்று; அச்சோதனையில் முக்கியப் பங்கு சுவாசச் சிகிச்சையாளருடையது. கடும் நுரையீரல் பாதிப்பில், ஒவ்வொரு மூச்சுக்கும் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றுக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் கொடுத்தால் இறப்பு விகிதம் 39.8 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைகிறது என்பதை 2000-ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு நிறுவிற்று. இந்த எண்கள் நாடு முழுவதும் பொது வழக்காகிவிட்டதால், புதிய ஊரின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நுழைபவர் முதல் நாளிலேயே தெரிந்த விதிகளின்படி வேலை செய்ய முடிகிறது.

ஆயினும் ஊர்மாறுபவருக்குச் சில இழப்புகள் நிலையானவை. நோயாளி குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவரும், ஆள் குறைந்த வார்டுக்கு முதலில் மாற்றப்படுபவரும் ஒப்பந்தக்காரரே. ஒப்பந்தத்தை மருத்துவமனை இடையில் முறித்தால் வாடகை வீட்டின் செலவு அவர் தலையில் விழும். உள்ளூர்ப் பணியாளர் தம்மைவிடக் கூடுதல் ஊதியம் பெறுபவர் என்று அவரை ஐயத்தோடு நோக்குவதும் உண்டு. அந்த ஊதியத்தில் பணிமூப்பும், ஊதியத்தோடு கூடிய விடுப்பும் அடங்கவில்லை என்பது பல வேளை மறக்கப்படுகிறது.

சான்றிதழ் நாட்டுக்கு, உரிமம் மாநிலத்துக்கு

தகுதிச் சான்றிதழ் நாடு தழுவியது என்றாலும், பணிசெய்யும் அனுமதி மாநிலத்தின் கையில் இருக்கிறது. கலிஃபோர்னியா 1982-இல் சுவாசப் பராமரிப்புக்கு உரிமச் சட்டம் இயற்றியது; அதே ஆண்டு அதிபர் ரேகன் முதல் சுவாசப் பராமரிப்பு வாரத்தை அறிவித்தார். பிற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றின. ஹவாய் 2010-இல் சட்டம் இயற்றிய பின்னர், உரிமம் தேவைப்படாத மாநிலமாக எஞ்சியது அலாஸ்கா மட்டுமே. தகுதியற்றவரிடமிருந்து நோயாளியைக் காப்பது உரிமச் சட்டத்தின் நோக்கம். ஆனால் ஒரே தேர்வில் தேறிய ஒருவர் ஒவ்வொரு மாநிலத்திலும் விண்ணப்பமும் கட்டணமும் கைரேகையும் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது அதன் பக்கவிளைவு. செவிலியர் 2000-ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கிடையே செல்லும் உரிம உடன்படிக்கையைப் பெற்றுவிட்டனர். சுவாசச் சிகிச்சையாளருக்கான அத்தகைய உடன்படிக்கை அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகே வரைவு பெற்று மாநிலச் சட்டமன்றங்களின் முன் வந்தது.

முகமைகளின் தரத்தைக் கண்காணிக்கும் முயற்சியும் காலந்தாழ்ந்தே வந்தது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் கூட்டு ஆணையம், பணியாள் முகமைகளுக்கான சான்றளிப்பை 2004-இல்தான் தொடங்கிற்று.

2020-ஆம் ஆண்டின் சோதனை

கொரோனாப் பெருந்தொற்று 2020 மார்ச்சில் நியூயார்க் நகரைத் தாக்கியபோது, நாட்டின் பேச்செல்லாம் வென்டிலேட்டர்களின் எண்ணிக்கையைப் பற்றியதாக இருந்தது. ஒரே கருவியில் இரு நோயாளிகளை இணைக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கமும் மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கங்களும் மார்ச் 26-ஆம் நாள் கூட்டறிக்கை வெளியிட்டு அதை எதிர்த்தன. கருவிகள் வந்து சேர்ந்தபின், அவற்றை இயக்கும் கைகளுக்கே பஞ்சம் என்பது தெளிவாயிற்று. ஆளுநர்கள் அவசர ஆணைகளால் பிற மாநில உரிமங்களை ஏற்றனர். பல்லாண்டுகளாக அசையாத எல்லை சில நாள்களில் திறந்தது. நோய் கோடையில் அரிசோனாவுக்கும் டெக்சாசுக்கும், குளிர்காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கும் நகர, ஊர்மாறும் சிகிச்சையாளரும் அதைத் தொடர்ந்து நகர்ந்தனர்.

ஊதியம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. நிலைப் பணியாளர் பலர் வேலையை விட்டு முகமைகளில் சேர்ந்தனர். அவர்கள் விட்ட இடங்களை நிரப்ப மருத்துவமனைகள் அதே முகமைகளிடம் கூடுதல் விலை கொடுத்தன. முகமைகளின் கட்டணத்தை ஆராயுமாறு அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் 2021 பிப்ரவரியில் கூட்டரசின் வணிக ஆணையத்தை வேண்டிற்று. சிகிச்சையாளர் தரப்பில் வேறொரு வாதம் இருந்தது: நெருக்கடியில் இவ்வளவு கொடுக்க முடிந்த நிர்வாகங்கள், அமைதிக் காலத்தில் நிலைப் பணியாளரின் ஊதியத்தைத் தேங்கவிட்டது ஏன் என்பதே அது. 2022-க்குப் பின் தொற்று தணிந்ததும் ஒப்பந்த ஊதியம் சரிந்தது. அவசர ஆணைகள் காலாவதியாக, பழைய உரிமத் தடைகள் திரும்பின.

தீர்ப்பு

போலியோக் காலமும் கொரோனாக் காலமும் ஒரே சிக்கலை இருமுறை முன்வைத்தன. மூச்சுத்திணறல் ஊருக்கு ஊர் மாறும். எல்லா ஊரிலும் எப்போதும் போதிய ஆளை வைத்திருப்பது எந்த நாட்டுக்கும் கடினம். எனவே பயணம் செய்யும் ஒரு பிரிவினர் தேவை என்பதில் ஐயமில்லை. வேறுபாடு, அப்பயணத்தை ஒழுங்குசெய்தவர் யார் என்பதில் இருக்கிறது. 1940-களில் ஒரு பொது அறக்கட்டளை தேவையின் அடிப்படையில் ஆளையும் கருவியையும் அனுப்பியது. 1983-க்குப் பிறகு அந்தப் பொறுப்பு விலையின் கைக்குச் சென்றது. அதிக விலை கொடுக்க இயன்ற பெருநகர மருத்துவமனைக்கு ஆள் கிடைக்க, சிற்றூர் மருத்துவமனை காத்திருந்தது.

பருவகாலப் பெருக்குக்கு வெளியூர்க் கைகளை அழைப்பது நியாயமான ஏற்பாடு. ஆண்டு முழுவதும் நிலவும் பற்றாக்குறையைப் பதின்மூன்று வாரத் துண்டுகளால் அடைப்பது சிக்கனம் என்ற பெயரில் செய்யப்படும் ஊதாரித்தனம். நிலைப் பணியாளருக்குக் கொடுக்க மறுத்த தொகையை, அதனினும் கூட்டி, இடைத்தரகு சேர்த்து ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பதாகவே அது முடிகிறது. நிலையான பணியிடங்களைப் போதிய ஊதியத்தோடு பெருக்குவதும், ஒரே தேர்வில் தேறியவருக்கு மாநில எல்லைகளைத் திறந்துவிடுவதும், கொள்ளைநோய்க் காலத்துக்கெனப் பொதுச் செலவில் ஒரு சேமப் படையை வைத்திருப்பதும் செய்யத்தக்கவை. ஆக்சிஜன் உருளையைத் தள்ளியவர்களிடமிருந்து தொடங்கி உயிர்காக்கும் வல்லுநராக வளர்ந்த இத்தொழிலினரை, விலைப்பட்டியலில் ஒரு வரியாக மட்டும் கருதும் மருத்துவமனை, அடுத்த தொற்றிலும் அதே விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.